கதவைத் திறந்தால் ஓடும் எஞ்சின்

முதலில் உள்ளங்கை. ஜெனரேட்டர் பெட்டியின் இரும்புக் கதவில் அதை வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல ஒரு நிமிடம் நிற்பார். அந்த நேரத்தில் "வாங்க ஜேசுராஜ்" என்று சொன்னால் வீண். இடது காது போய்ப் பல வருடம் ஆகிறது. வலது காது அவருக்கு இஷ்டமிருந்தால் கேட்கும். பிறகு தோள்பையிலிருந்து மடித்த அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் விரிப்பார். பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முட்டி, சற்று ஓய்வு, அப்புறம் இன்னொரு முட்டி என்று தவணை முறையில் இறங்குவார். இறங்கும்போது "மாதாவே" என்று ஒரு முனகல். எழுந்திருக்கும்போதும் அதே மாதாதான், சத்தம் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

"சர்ச்ல கூட இப்ப முட்டி போடறதில்ல சார். ஃபாதரே கூப்ட்டு, நீ ஒக்காந்துகினே ஜெபம் பண்ணு ஜேசுராஜுன்னுட்டாரு. நான் முட்டி போடறது இவனுங்களுக்குத்தான்."

இவனுங்க என்பது ஜெனரேட்டர்கள். ஆவடிக்கும் வெள்ளானூருக்கும் நடுவே ஏழு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஏழு பேர். ஏழு பேருக்கும் வைத்தியர் ஜேசுராஜ்தான்.

வயது ஐம்பத்தெட்டு. வீடு அண்ணனூரில், மின்சார ரயில்களைக் கொண்டுபோய் நிறுத்துகிற ஷெட்டுக்குப் பக்கத்துத் தெரு. "வாசல்ல நின்னா வண்டி வண்டியா தெரியும் சார். இன்னா பிரயோஜனம்? எல்லாம் கரண்ட்டு வண்டி. டீசல் வாசனையே இல்ல" என்பார். முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்ததும் பைக்கை மருமகனிடம் கொடுத்துவிட்டார். இப்போது ஒரு ஸ்டேஷன் ரயில், ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோ, எங்கள் தெருமுனையிலிருந்து நடை. பழுப்புச் சட்டை, மேல்பையில் ஒரு பேனா, ஒரு சின்ன டார்ச். வந்து சேரும்போதே பாதி ஆள்தான் வந்து சேருவார். மீதிப் பாதி வழியில் எங்கோ உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

டீ கொடுத்தால் வாங்கிக்கொள்வார், ஆனால் குடிக்க மாட்டார். எஞ்சின் ஒழுங்காக ஓடிய பிறகுதான் வாயில் வைப்பார். அதற்குள் அது ஆறி, ஆடை கட்டி, ஈ ஒன்று விழுந்தும் எழுந்திருக்கும். "ஓடட்டும் சார், ஓடட்டும்" என்பார். இப்படி எத்தனை டீயை அந்த மனிதர் வீணாக்கினார் என்று என் மனைவி வனஜாவைக் கேட்டால் புள்ளிவிவரம் தருவாள்.

எல்லாவற்றையும் விட விசித்திரம் அவருடைய திருப்புளி. ஒரு முழ நீளம். ஓடுகிற எஞ்சினில் அதன் நுனியை ஊன்றி, மரப்பிடியை மற்ற மெக்கானிக்குகள் காதில் வைப்பார்கள். இவர் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்துவிட்டுப் பல்லில் கடித்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். எஞ்சினின் அதிர்வெல்லாம் தாடை எலும்பு வழியாக மண்டைக்குள் போய்ச் சேருமாம். "காது போனா போவட்டும், பல்லு கீதேன்னு இருந்தேன். இப்ப அதுவும் ரெண்டு ஆடுது" என்று சொல்லிவிட்டு, ஆடுவதை நாக்கால் ஆட்டியும் காட்டினார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் காட்டிவிட்டார்.

இனி என்னைப் பற்றிச் சொல்லித் தொலைக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். மதுரை, சேலம், நாகர்கோவில் என்று ஊருக்கு ஒருவராக வந்து கடன் வாங்கிக் குடியேறியவர்கள். வெள்ளானூரில் காற்றடித்தால் கரண்ட் போகும், அடிக்காவிட்டாலும் போகும். என் வீடு முதல் தளம். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே ஜெனரேட்டர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு எதிராகத் தேவைப்படும். தொழில் மென்பொருள் சோதனை. அதாவது, பிறர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள்.

வேலை வீட்டிலிருந்து. கரண்ட் போகும், ஜெனரேட்டர் உறுமும், நான் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. ஒருநாள் அலுவலகக் கூட்டத்தில் ஒருவன், "நீங்கள் லாரியிலிருந்து பேசுகிறீர்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்தச் சனிக்கிழமை பழைய ஃபோம் மெத்தையை எடுத்து இரண்டாக வெட்டினேன். ஜெனரேட்டர் பெட்டியின் பின்புறம், காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி, தகடுகளைச் சாய்த்து வைத்த ஒரு ஜன்னல் இருக்கிறது. சத்தம் அது வழியாகத்தான் வருகிறது என்று என் அறிவு சொன்னது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துப் போனால் நுழையலாம், அவ்வளவுதான் இடம். நுழைந்தேன். பாதி மெத்தையை ஜன்னல் மேல் அழுத்தி, உடைந்த பலகை ஒன்றை முட்டுக் கொடுத்தேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது. மீதிப் பாதி மெத்தை எங்கள் பால்கனியில், வெயிலில்.

"யாரையாவது கேட்டீங்களா?" என்றாள் வனஜா.

"ஒரு மெத்தைக்கு எதுக்குக் கேக்கணும்?" என்றேன்.

பத்து நாள் கழித்து வாட்ஸ்அப் குழுவில் முதல் புகார் வந்தது. ஜெனரேட்டர் ஓடும்போது கரும்புகை, விளக்கு மங்கி மங்கி எரிகிறது. ஜேசுராஜ் வந்தார். பெட்டியின் பக்கக் கதவுகள் இரண்டையும் திறந்தார், எஞ்சினை ஓட்டினார். வெண்ணெயாக ஓடியது. ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தார், கதவைச் சாத்தினார், போனார். அடுத்த வாரம் மறுபடியும் புகார்; இந்த முறை பதினைந்து நிமிடம் திக்கித் திணறி ஓடி, சூடாகித் தானே நின்றுவிட்டது. ஜேசுராஜ் வந்தார், கதவைத் திறந்தார், ஓட்டினார். வெண்ணெய்.

அந்த இரண்டாவது முறைதான் நான் டீயோடு கீழே போனேன். குற்றவுணர்ச்சியால் அல்ல, அதுவரை எனக்கு அப்படி ஒன்று இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அட்டையில் முட்டி போட்டபடி, டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதன் மாதிரி, "இதுல ஸ்பார்க் பிளக் எங்க இருக்கு ஜேசுராஜ்?" என்று கேட்டேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கக்கூட இல்லை, அவ்வளவு அலுப்பு. "அது பெட்ரோலுக்கு சார். இவனுக்கு நெருப்பே வெக்கறதில்ல."

"அப்புறம் எப்படிப் பத்திக்குது?"

"சைக்கிளுக்குக் காத்து அடிச்சிருக்கீங்களா? வேகமா அடிச்சா பம்ப்போட அடிப்பக்கம் சுடும்ல? இன்னாத்துக்கு சுடுது? உள்ள கீற காத்த நசுக்கறோம், அதான். இங்கயும் அதே கததான். பதினேழு சொம்பு காத்த ஒரே சொம்புல அடைக்கற மாதிரி இவன் நசுக்குவான். காத்து அப்டியே கொதிக்கும். கரெக்டா அந்த நேரம் பாத்து நாசிலு டீசல பனி மாதிரி பீச்சும். சூட்டுல பட்டதும் பத்திக்கும். தீப்பெட்டி வேணாம், ஒண்ணும் வேணாம்."

"அப்போ டீசல்தான் முக்கியம்."

"இன்னா சார் நீங்க! டீசலு ஒரு சொட்டு. காத்துதான் வயிறு நெறய. காத்து கம்மியாச்சுன்னா டீசலு முழுசா எரியாது. அப்டி அரகொறயா எரிஞ்சதுதான் கருப்புப் பொக. வெள்ளையா வந்தா சூடு பத்தல. நீலமா வந்தா எஞ்சின் ஆயில் எரியுது. பொகையப் பாத்தா பாதி ஜாதகம் தெரிஞ்சிரும்."

"நம்மதுக்கு எந்தப் புகை?"

"வாச்மேன் கருப்புன்றாரு. குரூப்ல போட்டோவும் போட்டுகீறாங்க, கருப்புதான். ஆனா நான் ஓட்டுனா பொகையே இல்ல. நாலு சிலிண்டரையும் ஒண்ணொண்ணா அடக்கிப் பாத்துட்டேன். நட்ட லூஸ் பண்ணா அந்த ஆளுக்கு டீசலு போவாது, எஞ்சின் சத்தம் எறங்கணும். எறங்கலன்னா அந்த ஆளு முன்னாடியே செத்துட்டான்னு அர்த்தம். இங்க நாலு பேரும் உசுரோடதான் கீறானுங்க. டீசல்ல தண்ணி இல்ல. பைப்புல காத்துக் கொமிழி இல்ல. அப்புறம் இன்னாத்துக்கு நிக்குது? அதான் சார் புரியல."

எனக்குப் புரிந்துவிட்டது. கதவு திறந்திருந்தால் எங்கிருந்தும் காற்று வரும். சாத்திவிட்டால் அந்தப் பின் ஜன்னல்தான் மூக்கு. அந்த மூக்கில் நான் மெத்தையை வைத்து அடைத்திருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. "மனுஷனும் அப்படித்தான் இல்ல ஜேசுராஜ்? நசுக்கினா சூடாகறான்" என்று ஒரு தத்துவத்தை உளறினேன்.

"அதெல்லாம் தெரியாது சார். நான் நசுங்கினா ஊட்டுக்குப் போய்ப் படுத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் ஒரு முக்கியமான கூட்டம். அது முடியட்டும் என்று தள்ளினேன். அடுத்த நாள் இன்னொரு கூட்டம். பெட்டி பெரியது, வேறு எங்காவது இடுக்கு இருக்கும், காற்று எப்படியாவது போய்விடும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, திக்கியது, நின்றது. லிஃப்ட்டும் நின்றது, இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில். அவசரத்துக்கு லிஃப்ட்டைப் பக்கத்துத் தளத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற பேட்டரியும் அன்றைக்கென்று செத்துப்போயிருந்தது. உள்ளே மூன்றாவது மாடி எழிலரசி. ஏழு மாதக் கர்ப்பிணி, தனியாக. கதவை நெம்பித் திறந்து, ஸ்டூல் போட்டு அவளைக் கீழே இறக்குவதற்கு நாற்பது நிமிடம் ஆனது. முதல் பத்து நிமிடம் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் தட்டுவதை நிறுத்திவிட்டாள், அதுதான் எல்லோருக்கும் பயமாகப் போயிற்று. நானும் கதவைப் பிடித்து இழுத்தவர்களில் ஒருவன். என்னவோ வெளியூரிலிருந்து வந்து உதவி செய்கிறவன் போல இழுத்தேன்.

டாக்டர் பார்த்துக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார். அவள் அதற்கப்புறம் லிஃப்ட்டில் ஏறுவதில்லை. அந்த வயிற்றோடு மூன்று மாடியும் படிதான். ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, நின்று. என் வீட்டு வாசலைக் கடக்கும்போது அவளுடைய மூச்சு எனக்குக் கேட்கும்.

குழுவில் எல்லோரும் ஜேசுராஜின் பெயருக்குத்தான் அர்ச்சனை நடத்தினார்கள். அரைக் காது கேட்காத ஆளை வைத்துக்கொண்டு எஞ்சின் பார்த்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு தடவை வந்தும் கண்டுபிடிக்காதவன் என்ன மெக்கானிக்? சங்கத் தலைவர் கிருபாகரன் நல்ல மனிதர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எல்லாவற்றையும் பரீட்சையாக நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் ஜேசுராஜ் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் திங்கள் முதல் வேறு ஆள் என்று எழுதிவிட்டார். மற்ற ஆறு குடியிருப்புகளின் தலைவர்களும் அவருக்குச் சிநேகிதர்கள், ஒரே குழுவில் இருப்பவர்கள். இங்கே பெயர் கெட்டால் ஏழு இடத்திலும் கெடும். ஐம்பத்தெட்டு வயதில், போன முட்டியையும் போன காதையும் வைத்துக்கொண்டு அந்த ஆள் எந்த வாசலில் போய் நிற்பார்?

வியாழக்கிழமை விடியற்காலை மெத்தையை எடுக்கக் கீழே போனேன். ஜெனரேட்டரைச் சுற்றியிருந்த கம்பி வேலிக்குப் பூட்டு. "பரீட்சை முடியிற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாதுன்னு தலைவரு பூட்டிட்டாரு சார்" என்றார் வாச்மேன் சின்னப்பையன். பெயர்தான் அப்படி, அவருக்கு அறுபத்திரண்டு வயது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்தேன்.

"இப்பவாவது போய்ச் சொல்லுங்க" என்றாள் வனஜா.

"சொல்றேன்."

"எப்போ? அந்தப் பொண்ணு பெத்த பிறகா?"

ஞாயிறு பத்து மணிக்கு இருபது பேர் கூடிவிட்டார்கள். வெயில் கொளுத்தியது. ஜேசுராஜ் வந்தார். உள்ளங்கை. அட்டை. ஒரு முட்டி, இன்னொரு முட்டி, மாதா. சின்னப்பையன் கரண்ட்டை நிறுத்தி, குடியிருப்பு முழுவதையும் ஜெனரேட்டருக்கு மாற்றினார். கதவுகள் திறந்திருக்க, எஞ்சின் பூனைக்குட்டி போல ஓடியது. லிஃப்ட்டை ஓட்டினார்கள். தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். ஒரு சிணுங்கல் இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் கிருபாகரன். "இவர் இருந்தா ஓடுது. போனா நிக்குது. இது என்ன கணக்கு?"

பின்னாலிருந்து யாரோ, "மந்திரம் போடறாரு" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. ஜேசுராஜுக்குக் கேட்டதா தெரியவில்லை. திருப்புளியைத் துடைத்து, பல்லில் கடித்து, கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். முகத்தில் வேர்வை வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. பிறகு திருப்புளியை எடுத்துவிட்டு அட்டையிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். டீசல் குழாயைத் திறந்து பார்த்தபோது சிந்தியது அட்டையெல்லாம் ஊறி, அவர் வேட்டிவரை ஏறிக்கொண்டிருந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல சார்" என்றார் கிருபாகரனைப் பார்த்து. "முப்பத்தஞ்சு வருசத்துல இப்டி ஒருத்தன் என்ன ஏமாத்துனதில்ல. ஆள மாத்திக்கினாலும் நான் கோச்சுக்க மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணு உள்ள மாட்டிகினு இருந்துச்சுன்னாங்க, அதான் மூணு நாளா சோறு எறங்கல."

எழிலரசியும் அங்கேதான் இருந்தாள், படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அப்போது ஜேசுராஜ் சின்னப்பையனிடம் கேட்டார். "அண்ணாத்தே, அன்னிக்கு நின்னுச்சே, அப்ப இந்தக் கதவு தொறந்து இருந்துச்சா, சாத்தி இருந்துச்சா?"

"சாத்திதான் இருந்துச்சு. எப்பவும் சாத்திதானே கிடக்கும்? நீங்க வந்தாதான் தொறக்கறது."

ஜேசுராஜ் அவரையே பார்த்தார். "நான் வந்தாதான் தொறக்கறது" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு கையை நீட்டினார். சின்னப்பையன் தூக்கிவிட்டார். "சாத்து நைனா. ரெண்டு பக்கமும் சாத்து."

கதவுகளைச் சாத்தினார்கள். மூன்று நிமிடம் ஒன்றுமில்லை. நான்காவது நிமிடம் சத்தம் கனத்தது. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, படி ஏறுகிற எழிலரசியின் மூச்சைப் போலவே திணறியது. புகைக்குழாயிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று கிளம்பி, என் வீட்டு ஜன்னலைத் தாண்டி மேலே போனது. ஜேசுராஜ் திருப்புளியை இரும்புக் கதவில் ஊன்றிப் பல்லில் கடித்தார். ஒரு நொடிதான். எடுத்துவிட்டார்.

"மூச்சு முட்டுது சார் இவனுக்கு" என்றார். சின்னப்பையனிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் பெட்டியின் பின்புறம் நடந்தார். ஒருக்களித்து, வயிற்றை எக்கிக்கொண்டு, சுவரில் முட்டி உரச உள்ளே போனார். மாதாவைக் கூப்பிடுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. ஒரு பலகை விழுந்தது.

நான் நின்ற இடத்திலிருந்து அவர் தலை மட்டும் தெரிந்தது. கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தார். நீலப்பூ போட்ட மெத்தை உறை. பிறகு நிமிர்ந்து நேர் மேலே பார்த்தார். அங்கே எங்கள் பால்கனிக் கம்பியில் நீலப்பூ போட்ட மீதிப் பாதி, ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஜம்மென்று காய்ந்துகொண்டிருந்தது. வனஜா அதை எடுத்து உள்ளே போட்டிருக்கலாம். வேண்டுமென்றேதான் போடவில்லை என்று பிறகு சொன்னாள்.

வெளியே வந்தார். மெத்தையைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார். புகையில் அதன் ஒரு பக்கம் கருத்திருந்தது.

"அடைப்பு சார்" என்றார் கிருபாகரனிடம். "காத்துப் போற வழில இது இருந்துச்சு. எடுத்தாச்சு, இனிமே நிக்காது."

"இது எப்படி அங்க போச்சு? யார் வெச்சது?"

"யார் வெச்சா இன்னா சார்." அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "நான் பின்னால போய்ப் பாத்திருக்கணும். வந்த மொத நாளே பாத்திருக்கணும். முட்டி வலிக்குதுன்னு போவல. கதவத் தொறந்து முன்பக்கமாவே பாத்துகினு இருந்துட்டேன். அது என் தப்புதான்."

"அப்ப உங்க கவனக்குறைவுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க" என்றார் கிருபாகரன். வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் விடைத்தாளில் மதிப்பெண் போட்டாகிவிட்டது என்பது குரலில் தெரிந்தது.

"ஆமா சார்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ. தைரியம் என்று சொல்ல மாட்டேன். அவர் அந்த "ஆமா சார்" சொன்ன விதத்தைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். "நான்தான் வெச்சேன்" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "சத்தம் வராம இருக்க நான்தான் வெச்சேன். என் மெத்தை. மேல பாருங்க, பாதி இருக்கு. போன வாரம் அவர் எஞ்சினைப் பத்திச் சொன்னபோதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

இருபது தலைகளும் மேலே பார்த்தன, பிறகு கீழே என்னைப் பார்த்தன. பால்கனியில் வனஜா நின்றிருந்தாள். எழிலரசி கைப்பிடியைப் பிடித்து எழுந்து, என் எதிரே வந்து நின்றாள். அடிப்பாள் என்றே நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"நாப்பது நிமிஷம் அங்கிள்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் படியேறப் போனாள்.

கிருபாகரன் தொண்டையைச் செருமி, ஜேசுராஜே தொடர்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றும், குழுவில் தானே விளக்கம் எழுதிவிடுவதாகவும் சொன்னார். என்னிடம், "உங்ககிட்ட அப்புறம் பேசறேன்" என்றார். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை, வந்தால்கூடத் தேவலை. கூட்டம் கலைந்தது. நான் ஜேசுராஜின் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எந்தக் காதில் சொல்வது என்று தெரியாமல், வலது காதுப் பக்கம் நகர்ந்து சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

"இத போன வாரம் சொல்லியிருந்தா, அந்தப் பொண்ணு மாடிப்படி ஏற வேணாம் சார்" என்றார். "எனக்கும் மூணு நாள் தூக்கம் மிச்சம்."

நான் தலையாட்டினேன். எங்கள் வீட்டிலிருந்து வந்த டீ, பெட்டியின் மேல் ஆறிப்போய் இருந்தது. அதை அவர் இன்னும் தொடவில்லை; வேலை முடியவில்லை. கரிபடிந்த ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டி, மறுபடி மாட்ட வேண்டும். கதவைத் திறந்துவிட்டு அட்டையைத் தேடினார். டீசலில் ஊறிக் கூழாகிக் கிடந்தது அது. காலால் ஒதுக்கித் தள்ளினார்.

அக்குளிலிருந்த மெத்தையை எடுத்தார். சுவரில் நாலு தட்டுத் தட்டினார், தூசி பறந்தது. கருத்த பக்கம் கீழே போக, நீலப்பூ மேலே வர, இரண்டாக மடித்துத் தரையில் போட்டார். பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முட்டியை அதன்மேல் வைத்தார், சற்று நின்றார், பிறகு இன்னொரு முட்டி. இந்த முறை மாதாவைக் கூப்பிடவில்லை.